ஈரல் புழு: ஐந்நூறு வருடத் துப்பறியும் கதை

1879-ஆம் வருடம் இங்கிலாந்தில் கோடைக்காலம் என்ற ஒன்று வரவே இல்லை. மழை, மழை, மீண்டும் மழை... கோதுமை வயலிலேயே அழுகியது. அறுத்துப் போட்ட புல் காயவில்லை. அமெரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாக வந்து இறங்கிய மலிவு விலைத் தானியத்தால் ஏற்கெனவே நொந்து போயிருந்த விவசாயிகளுக்கு மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை செம்மறி ஆடு. கம்பளிக்கும் காசு, கறிக்கும் காசு.

அந்த ஆடுகளும் சாக ஆரம்பித்தன. நூறு, ஆயிரம் என்று இல்லை. 1879-80 குளிர்காலத்தில் சுமார் 30 லட்சம் ஆடுகள் செத்தன என்கிறது கணக்கு.

நோய் வந்த ஆடு முதலில் நன்றாகத்தான் இருக்கும். கொஞ்சம் சதை போட்டதுபோலக் கூடத் தெரியும். அப்புறம் சோர்ந்து போய் மந்தையில் பின்தங்கும். கண் இமையைத் திருப்பிப் பார்த்தால் ரத்தமே இல்லாமல் வெளுத்திருக்கும். கம்பளியைப் பிடித்து இழுத்தால் கையோடு வரும். கடைசியில் கீழ்த்தாடைக்கு அடியில் ஒரு பை மாதிரி நீர் கோத்துத் தொங்கும். அதற்குப் பிறகு அதிக நாள் இல்லை. அறுத்துப் பார்த்தால் ஈரல் தழும்பேறிக் கல்லாக இருக்கும். பித்தநாளங்களுக்குள் பழுப்பு நிறத்தில், சின்ன இலை வடிவத்தில், இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத் தட்டைப்புழுக்கள் நெளியும். இதன் அறிவியல் பெயர் ஃபாசியோலா ஹெபாட்டிகா. இங்கிலாந்து விவசாயிகள் இந்த நோயை 'அழுகல்' என்ற ஒரே சொல்லால் சொன்னார்கள்.

ஆச்சரியம் என்னவென்றால், இது அவர்களுக்குப் புதிய நோயே இல்லை. ஐந்நூறு வருடமாக இந்தப் புழுவைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். எந்த நிலத்தில் நோய் வரும், எந்த மாதத்தில் வரும், எந்த ஆடு பிழைக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. தெரியாதது ஒன்றே ஒன்றுதான்.

புழு ஆட்டுக்குள் எப்படிப் போகிறது?

மேய்ப்பர்களுக்குத் தெரிந்தது

கதை பிரான்சில் தொடங்குகிறது. ழான் தெ ப்ரீ என்பவர் சின்னப் பையனாக வாத்து மேய்க்கப் போனவர். பிறகு பன்றி, மாடு, ஆடு என்று 'பதவி உயர்வு' பெற்று, கடைசியில் அரசர் ஐந்தாம் சார்லஸின் விருப்பப்படி ஆடு வளர்ப்பு பற்றி ஒரு நூலே எழுதினார். வருடம் 1379. 'நல்ல மேய்ப்பன்' என்று அறியப்படும் அந்த நூலில் ஈரல் நோய் வருகிறது. ஈர நிலத்தில் வளரும் 'தூவ்' என்ற ஒரு செடியை ஆடு தின்பதுதான் காரணம் என்பது அவர் கட்சி.

செடி குற்றவாளி இல்லை என்பது இன்று தெரியும். ஆனால் அந்தப் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் பிரெஞ்சு மொழியில் அந்தச் செடிக்கும் 'தூவ்', ஈரல் புழுவுக்கும் 'தூவ்'. தவறான சந்தேகம் ஒன்று அகராதியில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது!

அடுத்தது இங்கிலாந்து. ஃபிட்ஸ்ஹெர்பர்ட் எழுதிய வேளாண்மை நூல் 1523-ல் வெளிவந்தது. ஆட்டுக்கு அழுகல் நோய் எதனால் வரும் என்று அவர் ஒரு பட்டியலே போடுகிறார். சில வகைப் புல், சதுப்பு நிலம், வெள்ளம் வடிந்த வயல், பனி... இந்தப் பட்டியலின் நடுவில் சத்தமில்லாமல் இன்னொன்றும் உட்கார்ந்திருக்கிறது: மேய்ச்சல் நிலத்திலுள்ள வெள்ளை நத்தைகள் ஆட்டுக்குக் கெடுதல்.

நத்தை! அவர் சொன்னது சரியான வகை நத்தைதானா என்பது வேறு கேள்வி. ஆனால் வழக்கின் விடைக்குப் பக்கத்தில் வந்துவிட்ட சொல் அது. அடுத்த முந்நூற்றைம்பது வருடம் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

விவசாயிகளுக்கு வேறு சில துப்புகளும் தெரியும். மேட்டு நிலத்து ஆட்டுக்கு நோய் வராது. கடலோரத்து உப்புச் சதுப்பில் மேயும் ஆட்டுக்கும் வராது, அங்கே எவ்வளவு ஈரம் இருந்தாலும் சரி. கோடையில் மழை பெய்தால், ஆடு சாவது குளிர்காலத்தில்.

காரணம் தெரியாவிட்டாலும் காசு பண்ணத் தெரிந்தவர்கள் உண்டு. ராபர்ட் பேக்வெல் பதினெட்டாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற கால்நடை வளர்ப்பாளர். தேர்ந்தெடுத்து இனச்சேர்க்கை செய்து 'நியூ லெஸ்டர்' என்ற ஆட்டு இனத்தை உருவாக்கியவர். கிடாக்களை விற்காமல் ஒரு பருவத்துக்கு வாடகைக்கு விட்டே பெரும் பணம் பார்த்தவர். ஆனால் வயதான ஆடுகளைக் கசாப்புக்கு விற்கத்தான் வேண்டும். வாங்கியவர் அறுக்காமல் அதை வைத்துக் குட்டி போட வைத்தால்? பேக்வெலின் சொத்தே போச்சு. அதற்கு அவர் செய்த ஏற்பாடு என்று சொல்லப்படுவது இது: கோடையில் ஒரு வயலில் தண்ணீரைப் பாய்ச்சி விடுவார். விற்கப்போகும் ஆடுகளை அதில் மேய விடுவார். அவற்றுக்கு நோய் பிடித்துவிடும். கொஞ்ச நாளைக்குச் சதையும் போட்டிருக்கும், விற்ற பிறகு நீண்ட நாள் உயிரோடும் இருக்காது. விலங்கு இனத்துக்குக் காப்புரிமைச் சட்டம் இல்லாத காலத்தில் புழுவையே காப்புரிமையாகப் பயன்படுத்திய மனிதர்!

அறிஞர்களுக்குத் தெரிந்தது

படித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. இத்தாலியின் ஃபிரான்செஸ்கோ ரெடி 1668-ல் இந்தப் புழுவின் படத்தை வெளியிட்டார். டச்சு நாட்டு உடற்கூறு அறிஞர் கோவர்ட் பிட்லூ, 1698-ல் நுண்ணோக்கிப் புகழ் லேவன்ஹூக்குக்கு இந்தப் புழுவைப் பற்றி ஒரு நீண்ட கடிதமே எழுதினார். லின்னேயஸ் 1758-ல் இன்றைய அறிவியல் பெயரைச் சூட்டினார். ஆனால் குளத்தில் சுதந்திரமாகத் திரியும் வேறொரு தட்டைப்புழுவைப் பார்த்து, அதுவும் இதுவும் ஒன்றுதான் என்று எண்ணிவிட்டார். அப்படியானால் ஆடு தண்ணீர் குடிக்கும்போது புழுவும் உள்ளே போகிறது என்று முடித்துவிடலாம். எளிமையான விளக்கம், தவறான விளக்கம்.

இன்னொரு கட்சியும் இருந்தது. அழுகிய ஈரலில் புழு தானாகவே உண்டாகிறது என்றது அது. புழுவால் ஈரல் கெட்டதா, கெட்ட ஈரலில் புழு பிறந்ததா என்பதே வெகுகாலம் தீராத வழக்காக இருந்தது.

1773-ல் டென்மார்க்கின் முல்லர், தண்ணீரில் நீந்தும் வால் உள்ள நுண்ணிய உயிர்களைக் கண்டு 'செர்க்கேரியா' என்று பெயரிட்டார். அவை தனி இனம் என்று நினைத்தார். 1842-ல் அதே நாட்டின் ஸ்டீன்ஸ்ட்ரப் ஒரு துணிச்சலான யோசனையைச் சொன்னார். சில உயிர்களில் குழந்தை அம்மா மாதிரி இருக்காது. பேரனோ கொள்ளுப்பேரனோதான் மறுபடியும் பழைய உருவத்துக்குத் திரும்புவான். நத்தைக்குள்ளிருந்து வரும் இந்த வால் பிராணிகள் தட்டைப்புழுக்களின் வேறொரு பிறவிதான்.

ஆக 1842-லேயே 'நத்தையைத் தேடு' என்று சொல்லியாகிவிட்டது. ஆனால் எந்த நத்தை? ஐரோப்பாவின் குளம் குட்டைகளில் எத்தனையோ வகை. 1875-ல் ஜெர்மனியின் வைன்லாண்ட், லிம்னேயா ட்ரங்காட்டுலா என்ற குட்டி நத்தையாக இருக்கலாம் என்று விரலை நீட்டினார். நிரூபிக்கவில்லை.

பணம் வந்தது, ஆள் வந்தார்

இந்த நிலையில்தான் 1879-ன் மழை வந்தது.

30 லட்சம் ஆடு என்பது அறிவியல் ஆர்வம் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை; நாட்டின் வரவு செலவு சம்பந்தப்பட்ட விஷயம். இங்கிலாந்தின் ராயல் வேளாண் சங்கம் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கி, ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் ஜார்ஜ் ராலஸ்டனை அணுகியது. அவர் கைகாட்டியது அல்ஜெர்னான் தாமஸ் என்ற இளைஞரை. 1857-ல் பிறந்தவர். 1880-ல் வேலை தொடங்கியபோது வயது 23. இன்றைய கணக்கில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு வேலை தேடும் வயது!

தாமஸ் எதையும் ஊகிக்கவில்லை, அடியிலிருந்து தொடங்கினார். நோயுற்ற ஆட்டின் ஈரலிலிருந்து முட்டைகளை எடுத்துத் தண்ணீரில் பொரிக்க வைத்தார். பொரிந்து வந்தது, உடல் முழுக்க நுண்ணிய மயிர் கொண்ட, விறுவிறுவென்று நீந்தும் ஒரு துளி உயிர். பக்கத்தில் கிடைத்த நத்தை வகைகளை ஒவ்வொன்றாக அதன் முன்னால் வைத்துப் பார்த்தார். கூடவே ஆக்ஸ்ஃபோர்டைச் சுற்றி நோய் கண்ட மேய்ச்சல் நிலங்களில் நத்தை பொறுக்கி, ஓட்டை உடைத்து, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். 1880 டிசம்பரில் லிம்னேயா ட்ரங்காட்டுலாவுக்குள் சந்தேகத்துக்கிடமான வால் பிராணிகளைப் பார்த்துவிட்டார்.

அடுத்து செய்யவேண்டியது எளிது. அந்த நத்தைகளை உயிரோடு பிடித்து, பரிசோதனைக்கூடத்தில் புழுவை ஏற்றி, என்ன நடக்கிறது என்று பார்க்கவேண்டும். ஆனால் 1881 முழுக்கத் தேடியும் ஒரு உயிருள்ள நத்தை கூடக் கிடைக்கவில்லை! நாடு முழுக்க ஆடுகளைக் கொன்ற நத்தை, தேடும்போது மட்டும் காணவில்லை. அந்த வருடமே அவரை இந்த வேலைக்கு அனுப்பிய பேராசிரியர் ராலஸ்டனும் காலமானார்.

1882 ஜூலையில் ஆக்ஸ்ஃபோர்டை ஒட்டி ஓடும் ஐசிஸ் ஆற்றில் வெள்ளம். (தேம்ஸ் நதிக்கு அந்தப் பகுதியில் அதுதான் பெயர்.) வெள்ளம் வடிந்த வயல்களில் பார்த்தால் நத்தைகள் குவிந்து கிடந்தன. ஆடு வளர்ப்பவர்கள் எதைக் கண்டு பயந்தார்களோ அந்த வெள்ளமே தாமஸுக்கு அதிர்ஷ்டமாக வந்தது. நத்தைகளை அள்ளிக்கொண்டு போனார். முட்டையிலிருந்து வந்த உயிர்களை அவற்றின் முன்னால் விட்டார். மற்ற நத்தைகளிடம் தயங்கியவை, இதைக் கண்டதும் துளைத்துக்கொண்டு உள்ளே போயின.

ஒரு புழு, பல பிறவி

அவர் கண்டதையும், பின்னால் வந்தவர்கள் சேர்த்ததையும் கூட்டிச் சொன்னால் புழுவின் வாழ்க்கை இதுதான்:

பித்தநாளத்தில் குடியிருக்கும் புழு ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும். முட்டை பித்தநீரோடு குடலுக்கு வந்து, புழுக்கையோடு வெளியே விழும். காய்ந்த மண்ணில் விழுந்தால் கதை முடிந்தது. ஈரமும் மிதமான வெப்பமும் இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் பொரியும். பொரிந்த உயிருக்கு வாய் கிடையாது, சாப்பாடு கிடையாது, ஆயுள் சுமார் ஒரு நாள். அதற்குள் அந்தக் குறிப்பிட்ட நத்தையைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

கண்டுபிடித்துவிட்டால் நத்தைக்குள் ஒரு பையாக மாறும். பைக்குள் வேறு வடிவக் குட்டிகள், அந்தக் குட்டிகளுக்குள் இன்னும் குட்டிகள்... உள்ளே போனது ஒன்று, ஒன்றரை இரண்டு மாதம் கழித்து வெளியே வருவது நூற்றுக்கணக்கில்! வங்கியில் எங்கேயும் கிடைக்காத வட்டி விகிதம். வெளியே வருபவைதான் முல்லர் கண்ட வால் பிராணிகள். கொஞ்ச தூரம் நீந்திப் புல்லில் ஏறி, வாலை உதறிவிட்டு, தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டிக்கொண்டு காத்திருக்கும்.

ஆடு புல்லை மேயும். குடலில் கூடு கரையும். குட்டிப் புழு குடல் சுவரைத் துளைத்து வயிற்றுக்குள் இறங்கி, ஈரலைத் தேடிப்போய், ஆறேழு வாரம் ஈரலைத் தின்றபடியே சுரங்கம் தோண்டிப் பித்தநாளத்தை அடையும். அங்கே வளர்ந்து முட்டையிடும். மறுபடியும் முதலிலிருந்து...

இப்போது பழைய துப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். மேட்டு நிலத்தில் ஏன் நோய் இல்லை? ஒரு சென்டிமீட்டர் கூட இல்லாத அந்தக் குட்டி நத்தை ஈரச் சேற்றில் மட்டுமே வாழும். உப்புச் சதுப்பில் ஏன் இல்லை? உப்பு நத்தைக்கு ஆகாது. கோடை மழைக்கு ஏன் குளிர்காலத்தில் சாவு? முட்டைக்குச் சில வாரம், நத்தைக்குள் இரண்டு மாதம், ஆட்டுக்குள் இரண்டு மூன்று மாதம், கூட்டிப் பாருங்கள். பேக்வெல் வயலில் தண்ணீர் பாய்ச்சியபோது உண்மையில் என்ன செய்தார்? நத்தை வளர்த்தார். ழான் தெ ப்ரீயின் செடி? அது செய்த ஒரே குற்றம், நத்தை வாழும் இடத்தில் முளைத்தது.

மேய்ப்பர்கள் கவனித்ததில் பெரும்பாலும் பிழையே இல்லை. நடுவில் ஒரு கண்ணி மட்டும் அவர்கள் கண்ணுக்குச் சிக்காத அளவில் இருந்தது.

யார் முதல்?

தாமஸுக்குத் தெரியாமல் இன்னொருவரும் இதே வேட்டையில் இருந்தார். ஜெர்மனியில் லைப்சிக் நகரத்துப் பேராசிரியர் ருடால்ஃப் லாய்க்கார்ட். அறுபதை நெருங்கியவர், ஒட்டுண்ணி ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்றவர். முதலில் வேறொரு நத்தையைச் சந்தேகித்து, பிறகு திருத்திக்கொண்டு அதே விடைக்கு வந்து சேர்ந்தார். 1882 அக்டோபரில் இருவர் கட்டுரையும் வந்தன. லாய்க்கார்டுடையது சில நாட்கள் முந்திவிட்டது. தாமஸின் முழுமையான, படங்களோடு கூடிய கட்டுரை 1883-ல் வெளியானது. இன்று இருவர் பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள். நிறுவிய பேராசிரியரும் நேற்று படிப்பு முடித்த பையனும் ஒரே சமயத்தில் ஒரே வாசலில் நின்ற அபூர்வமான போட்டி இது.

ஒரு தட்டைப்புழுவின் முழு வாழ்க்கைச் சுழற்சி வெளிச்சத்துக்கு வந்தது இதுவே முதல்முறை. நத்தைக்காய்ச்சல் போன்ற மனித நோய்களில் நத்தையைத் தேட வேண்டும் என்ற பாதை தெளிவானதற்கு இந்த ஆட்டு ஆராய்ச்சி ஒரு முக்கிய காரணம்.

ஆனால் புல்லிலுள்ள கூட்டை ஆடு தின்றுதான் நோய் வருகிறது என்ற கடைசிக் கண்ணியைத் தாமஸ் நேரடியாக நிரூபிக்கவில்லை. அதற்குள் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பேராசிரியர் வேலை கிடைத்துக் கப்பலேறிவிட்டார். அதன்பின் எரிமலை, தாவரம் என்று அவர் வாழ்க்கை வேறு பக்கம் போனது. 1937-ல் 'சர்' பட்டம் பெற்று அதே வருடம் மறைந்தார். அந்தக் கண்ணியை 1890-களின் தொடக்கத்தில் ஹவாய் தீவில் பூர்த்தி செய்தவர் அடோல்ஃபோ லுட்ஸ் என்ற பிரேசில் நாட்டு மருத்துவர். குடலிலிருந்து ஈரலுக்குப் புழு போகும் வழியை 1914-ல் சினிட்சின் என்ற ரஷ்யர் கண்டறிந்தார்.

மனிதன் எங்கே?

இவ்வளவு நேரமும் ஆடு, ஆடு என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். மனிதனுக்கு இந்தப் புழு வராதா?

வரும். 1760-லேயே பெர்லினில் பல்லாஸ் என்ற அறிஞர் மனித உடலில் இதைக் கண்டதாகப் பதிவு இருக்கிறது. ஈரல் கறி சாப்பிட்டால் வருமோ என்று பலர் பயப்படுவதுண்டு. ஈரலிலுள்ள புழு நேரடியாக இன்னொருவருக்குத் தொற்றாது. நத்தை வழியாகப் போய்வந்தே ஆகவேண்டும். மனிதனுக்கு வருவது பச்சையாகத் தின்னும் நீர்க்கீரையாலும், கூடு மிதக்கும் தண்ணீராலும்தான். 1956-57-ல் பிரான்சின் லியோன் பகுதியில் காட்டு வாட்டர்கிரெஸ் கீரையைச் சாப்பிட்டு சுமார் 500 பேர் பாதிக்கப்பட்டார்கள். 1989-ல் ஈரானின் கிலான் மாகாணத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் நோயுற்றார்கள் என்று மதிப்பிடப்பட்டது.

இனி மருந்துக் கணக்கைப் பார்ப்போம். ஆட்டுக்கு 1920-களிலேயே கார்பன் டெட்ராகுளோரைடு வந்துவிட்டது. ஆமாம், துணியை உலர்சலவை செய்யப் பயன்பட்ட அதே திரவம்தான்! முரட்டு மருந்து, ஆனால் மலிவு. அதன் பிறகும் கால்நடைகளுக்காகவே ஒன்றன்பின் ஒன்றாக மருந்துகள் வந்தன. மனிதனுக்கோ எமட்டின் என்ற ஊசி. அது இதயத்தையே பாதிக்கக்கூடியது. பிறகு பித்தியோனால், நாள்கணக்கில் சாப்பிட வேண்டியது.

1983-ல் சீபா-கைகி நிறுவனம் ட்ரைக்ளாபென்டசோல் என்ற மருந்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. குட்டிப் புழு, வளர்ந்த புழு இரண்டையும் கொல்லும் அருமையான மருந்து. யாருக்கு? ஆடு மாடுகளுக்கு. மனிதர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்ததெல்லாம் பிறகுதான். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மனிதர்களுக்காக இதை அங்கீகரித்தது 2019-ல். ஆட்டுக்கும் மனிதனுக்கும் இடையே 36 வருடம்!

காரணத்தைத் தேடி ரொம்ப தூரம் போகவேண்டாம். கால்நடைகளில் இந்தப் புழுவால் உலகம் முழுக்க வருடத்துக்கு 300 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று ஒரு மதிப்பீடு உண்டு. நஷ்டப்படுபவர் மருந்து வாங்கத் தயாராக இருப்பார். ஆகவே சந்தை இருக்கிறது. மனிதர்களில் குறைந்தது 24 லட்சம் பேருக்கு, 70-க்கும் மேற்பட்ட நாடுகளில் இந்தத் தொற்று இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் மருந்து வாங்கக் காசில்லாதவர்கள். டிமாண்ட் என்பதற்குப் பொருளாதாரப் பாடத்தில் சொல்லும் விளக்கம் நினைவிருக்கிறதா? தேவை மட்டும் இருந்தால் போதாது, வாங்கும் சக்தியும் வேண்டும். ஈரல் புழுவின் வரலாறு அந்த விளக்கத்துக்கு எழுதிய உதாரணம் மாதிரி இருக்கிறது.

நாலாயிரம் மீட்டர் உயரத்தில் அதே நத்தை

இந்தக் கதையின் மிகக் கொடுமையான அத்தியாயம் பொலிவியாவில் இருக்கிறது. டிட்டிகாகா ஏரிக்கும் லா பாஸ் நகரத்துக்கும் இடைப்பட்ட ஆல்டிப்ளானோ பீடபூமி. கடல்மட்டத்திலிருந்து 3800 முதல் 4100 மீட்டர் உயரம். அங்கே வாழும் ஐமாரா மக்கள் ஏழைகள். ஆடு மாடு மேய்ப்பவர்கள் பெரும்பாலும் சிறுவர் சிறுமியர். மேய்க்கும்போது தாகத்துக்கு ஓடைத் தண்ணீர், பசிக்கு ஓரத்தில் வளரும் நீர்ச்செடி.

ஸ்பெயினின் வலென்சியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாஸ்-கோமா குழுவினர் 1990-களில் இங்கே ஆய்வு செய்தார்கள். சில கிராமங்களில் மலப் பரிசோதனையிலேயே எழுபது சதவீதத்துக்கு மேல் தொற்று. உலகில் வேறெங்கும் மனிதர்களில் இந்த அளவு பதிவாகவில்லை.

அந்த உயரத்தில் புழுவைச் சுமக்கும் நத்தை எது தெரியுமா? ஆக்ஸ்ஃபோர்டு வயல்வெளிகளில் தாமஸ் தேடி அலைந்த அதே ட்ரங்காட்டுலா நத்தை! அமெரிக்கக் கண்டத்துக்கு அது சொந்தமில்லை. ஐரோப்பியர் ஆடு மாடுகளைக் கப்பலில் கொண்டு வந்தபோது புழுவும் நத்தையும் சேர்ந்து வந்திருக்கின்றன. கடுங்குளிரும் கடும் வெயிலும் உள்ள அந்தப் பீடபூமியில் ஊற்றுகளையும் ஓடைகளையும் பிடித்துக்கொண்டு வருடம் முழுக்கப் பெருகுகின்றன. ஐரோப்பாவில் ஆட்டை வாட்டிய நோய், அவர்களின் ஆட்டோடு பயணம் செய்து, ஆண்டிஸ் மலையில் குழந்தைகளைப் பிடித்தது.

நல்ல செய்தியும் உண்டு. சீபா-கைகியின் வாரிசான நோவார்ட்டிஸ் உலக சுகாதார நிறுவனம் மூலம் இந்த மருந்தை இலவசமாகத் தர முன்வந்தது. 2008 முதல் ஆல்டிப்ளானோவில் பெரிய அளவில் மாத்திரை கொடுக்கும் திட்டம் நடந்தது. பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு வேளை மாத்திரையே போதும்.

கெட்ட செய்தியும் உண்டு. ஆட்டுக்கு வருடக்கணக்கில் இதே மருந்தை மாற்றாமல் கொடுத்ததன் பலனாக, மருந்துக்குச் சாகாத புழுக்கள் 1995-லேயே ஆஸ்திரேலியாவில் தென்பட்டன. பிறகு ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலும். மனிதனுக்கு இருக்கும் ஒரே நல்ல மருந்து, மந்தைகளில் தேய்ந்துகொண்டிருக்கிறது.

நம்ம ஊர் ஆட்டுக்கு?

இந்தியாவில் இமயமலைப் பக்கத்துக் குளிர்ப் பகுதிகளில் இதே புழு. சமவெளிகளில் இதன் பெரிய தம்பியான ஃபாசியோலா ஜைஜாண்டிகா. ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் மேயும் மாடு, எருமை, ஆடுகளுக்கு வருவது அதுதான். மழைக்காலம் முடிந்து சில மாதத்தில் ஆட்டுக்குத் தாடை வீங்கித் தொங்குவதை நம் கிராமங்களில் பார்த்திருப்பவர்கள் உண்டு. தாடை வீக்கம் எல்லாமே தட்டைப்புழுவால் வருவதில்லை, மற்ற குடற்புழுக்களாலும் ரத்தசோகை ஏற்பட்டு வரும். சாணத்தைப் பரிசோதித்தால் எது என்று தெரிந்துவிடும். கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போனால் மருந்து உண்டு. அத்தோடு ஐந்நூறு வருடப் பாடமும் உண்டு: நத்தை இருக்கும் தேங்கிய தண்ணீர் ஓரத்தில் மேய்க்காமல் இருப்பது.

1880-ல் ஆட்டைக் காப்பாற்றப் பணம் கொடுத்தவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பணம் இல்லாவிட்டால் நத்தையும் தெரிந்திருக்காது, பொலிவியாக் குழந்தைக்கு மாத்திரையும் வந்திருக்காது. ஆனால் ஆட்டின் சாவு அந்த வருடமே கணக்கில் ஏறியது. ஆல்டிப்ளானோவில் ஓடைத் தண்ணீர் குடித்த பிள்ளையின் ஈரல் கணக்கில் ஏறுவதற்கு இன்னும் நூறு வருடத்துக்கு மேல் ஆனது. நத்தையைக் கண்டுபிடிக்க எடுத்துக்கொண்ட காலத்தையாவது புரிந்துகொள்ளலாம், அது கண்ணில் படாத அளவுக்குச் சின்னது. பிள்ளைகள் அப்படி இல்லையே.